கூரையில் சூரியன், கையில் திருப்புளி



"வெளிநாட்டுல இருக்கே, உருப்படியா ஏதாவது எழுதி அனுப்பு. கவிதை மட்டும் வேண்டாம்" என்று மலர்க் குழுவில் இருக்கும் என் பழைய அறைத்தோழன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். நான் 1982-86 அணி, எலக்ட்ரிக்கல். 1996 முதல் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தில் குடியிருக்கிறேன். எங்கள் வீட்டுக் கூரையின் கதையைச் சொன்னாலே அந்த நாட்டுச் சூரிய மின்சாரத்தின் வரலாற்றில் பாதியைச் சொன்ன மாதிரிதான். எனவே அதையே எழுதுகிறேன்.

விடுதியில் என்னோடு இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். அயர்ன் பாக்ஸையும் வெந்நீர் ஹீட்டரையும் ஒரே பிளக்கில் மாட்டி, ராத்திரி ஒன்பது மணிக்குப் பிளாக் முழுவதையும் இருட்டாக்குவது அன்றைய வழக்கம். உடனே நாலு பக்கமிருந்தும் "டேய் எலக்ட்ரிக்கல்!" என்று சத்தம் வரும். நான் போய்ப் பியூஸ் கட்டையைப் பிடுங்கி, புதுக் கம்பி சுற்றி, திரும்பச் சொருகுவேன். வார்டனுக்குத் தெரியாது. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அந்தக் கைவேலை வகுப்பில் கற்றதல்ல, அப்பாவிடம் கற்றது. அவர் மின்வாரியத்தில் லைன்மேன். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பல்பு மட்டும் மாட்டலாம்

அடிலெய்டில் வாடகை வீட்டில் குடியேறிய முதல் மாதமே ஒரு பிளக் பாயிண்ட் வேலை செய்யவில்லை. அங்கேயும் நம்மூர் மாதிரி 50 சைக்கிள்தான், வோல்ட்டேஜும் கிட்டத்தட்ட அதேதான். பிளக்கின் கால்கள் மட்டும் உருண்டையாக இல்லாமல் தட்டையாக, சாய்வாக இருக்கும். "இது என்ன பெரிய வித்தை" என்று திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு ஓடி வந்தார். "லைசென்ஸ் இருக்கா?" என்றார். "டிகிரி இருக்கு" என்றேன். சிரித்துவிட்டார்.

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் சொந்த வீடாகவே இருந்தாலும் பல்பு மாட்டலாம், அவ்வளவுதான். சுவரில் பதித்த சுவிட்சையோ பிளக் பாயிண்டையோ மாற்றுவதற்கு லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியன் வர வேண்டும். அவர் வேலை முடிந்ததும் சான்றிதழ் எழுதிக் கொடுப்பார். பக்கத்து நாடான நியூசிலாந்தில் சொந்த வீட்டில் சில வயரிங் வேலைகளைச் செய்ய அனுமதி உண்டு. ஆஸ்திரேலியாவில் அதுவும் கிடையாது. கூலியைக் கேட்டால் தலை சுற்றும். நம்மூரில் தெருமுனைக் கடையில் சொல்லிவிட்டால் சைக்கிளில் வந்து பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவாரே, அந்த வயர்மேனை நினைத்து ஏங்காத வெளிநாட்டுத் தமிழன் இருக்க முடியாது.

முதலில் வந்தது வெந்நீர்

சூரியன் கூரைக்கு வந்தது மின்சாரமாக அல்ல, வெந்நீராகத்தான். 1891-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர், கறுப்பு வர்ணம் பூசிய தொட்டிகளைக் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வைத்து, 'கிளைமாக்ஸ்' என்ற பெயரில் விற்றார். பகலில் நன்றாகக் காயும், ராத்திரி ஆறிப்போகும். 1909-இல் வில்லியம் பெய்லி என்பவர் கலிபோர்னியாவில் அந்தக் குறையைப் போக்கினார். சூடாக்கும் குழாய்களைத் தனியாகவும், வெப்பம் வெளியே போகாதபடி போர்த்திய தொட்டியைத் தனியாகவும் வைத்தார். தொட்டி மேலே, குழாய் கீழே. சூடான தண்ணீர் இலேசாகித் தானே மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். பம்ப் வேண்டாம், கரண்ட் வேண்டாம்.

ஆஸ்திரேலியாவில் அரசு ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவில் ரோஜர் மோர்ஸ் என்ற பொறியாளர் 1950களில் இதைக் கையில் எடுத்தார். அதே காலத்தில் பெர்த் நகரத்தில் சோலாஹார்ட் நிறுவனத்தார் வணிக ரீதியில் தயாரிக்கத் தொடங்கினார்கள். பெர்த்தில் இருக்கும் நம் கல்லூரி நண்பர் வீட்டுக்குப் போனபோதுதான் நான் முதன்முதலில் இதைப் பார்த்தேன். கூரை உச்சியில் ஒரு பெரிய டிரம் படுத்திருந்தது. "ஓட்டு மேல எதுக்குடா சின்டெக்ஸ் டேங்க்?" என்று கேட்டு மானத்தை வாங்கிக்கொண்டேன்.

பாலைவனத்து டெலிபோன்

வெளிச்சத்திலிருந்து மின்சாரம் வரும் என்பதை 1839-இலேயே பிரான்சு நாட்டு எட்மண்ட் பெக்கெரல் கண்டார். ஆனால் வீட்டுக்கு உதவுகிற அளவுக்கு எதுவும் வரவில்லை. 1954 ஏப்ரலில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூவர் சிலிக்கான் செல்லை உலகுக்குக் காட்டினார்கள். விழுந்த வெளிச்சத்தில் நூற்றுக்கு 6 பங்கு மின்சாரமானது. அவர்கள் தேடியது வீட்டு விளக்குக்கான வழியை அல்ல என்பது குறிப்பிடத்தக்கது. வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் டெலிபோன் கருவிகளுக்கு வைத்த பேட்டரிகள் சீக்கிரம் கெட்டுப்போயின. அதற்கு மாற்றைத் தேடப் போய்க் கிடைத்ததுதான் இது. 1958-இல் வான்கார்டு-1 செயற்கைக்கோளில் ஏறி, அது முதலில் வானத்துக்குப் போனது. விலை அப்படி.

தரைக்கு இறக்கியவர்களில் முக்கியமானவர்கள் ஆஸ்திரேலிய டெலிபோன்காரர்கள். அந்த நாட்டின் நடுப்பகுதியில் நூறு கிலோமீட்டர் போனாலும் ஒரு வீடு இருக்காது. அங்கே மைக்ரோவேவ் கோபுரங்களுக்கு டீசல் கொண்டுபோய் ஊற்றுவதைவிடச் சோலார் மலிவு என்று கணக்குப் போட்டு, 1970களின் இறுதியில் டெனன்ட் கிரீக், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊர்களுக்கு இடையே சூரிய சக்தியில் இயங்கும் கோபுரங்களை நிறுத்தினார்கள்.

இன்னொரு பக்கம் சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் 1974-இல் மார்ட்டின் கிரீன் என்ற இளம் ஆசிரியர் சிறிய ஆராய்ச்சிக் குழு ஒன்றைத் தொடங்கினார். 1985-இல் அவர்கள் செய்த சிலிக்கான் செல் 20 சதவீதத்தை எட்டியது. 1989-இல் அதே குழுவினர் 'பெர்க்' என்ற புது அமைப்பை வெளியிட்டார்கள். செல்லின் பின்பக்கத்தைப் பதப்படுத்தி, வீணாகிற வெளிச்சத்தையும் மின்னோட்டத்தையும் காப்பாற்றுவதுதான் அதன் சூட்சுமம். அங்கே டாக்டர் பட்டம் பெற்ற சீன மாணவர் ஷி செங்ரோங் ஊர் திரும்பி, 2001-இல் வூசி நகரத்தில் சன்டெக் தொழிற்சாலையை நிறுவினார். பிறகு சீனாவில் வரிசையாகத் தொழிற்சாலைகள் எழும்பி, பேனல் விலை அடிமட்டத்துக்கு இறங்கியது. 2023-இல் கிரீனுக்கும் அவருடைய முன்னாள் மாணவர்கள் மூவருக்கும் ராணி எலிசபெத் பொறியியல் பரிசு கிடைத்தது. மாணவர்கள் கவனிக்க: ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பிறந்த சங்கதிதான் இன்று பாதி உலகத்தின் கூரையில் உட்கார்ந்திருக்கிறது.

பரணில் போன நாலு உயிர்

2004-இல் சொந்த வீடு வாங்கினோம். 1960களில் கட்டிய செங்கல் வீடு, ஓட்டுக் கூரை. மீட்டர் பெட்டியைத் திறந்தால் நம் விடுதியில் இருந்த அதே பீங்கான் பியூஸ் கட்டைகள்! பழைய நண்பனைப் பார்த்த மாதிரி இருந்தது.

2009 பிப்ரவரியில் மத்திய அரசு, வீடுகளின் பரணில் வெப்பத் தடுப்பு விரிப்பதற்கு உதவித்தொகை அறிவித்தது. உலகப் பொருளாதார நெருக்கடிக் காலம். வேலை உண்டாக்க வேண்டும் என்ற அவசரம். புதிது புதிதாகக் கம்பெனிகள் முளைத்தன. சரியான பயிற்சி இல்லாத பையன்களைப் பரணில் ஏற்றினார்கள். குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் மூன்று பேர் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். நியூ சவுத் வேல்ஸில் ஒருவர் வெயில் கொடுமை தாங்காமல் இறந்தார். மின்சாரம் தாக்கியவர்களில் ஒரு பையனுக்கு வயது 16. உலோகத் தாளை உலோக ஆணியால் அடிக்கும்போது ஆணி வயருக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2010 பிப்ரவரியில் திட்டத்தை நிறுத்தினார்கள். 2014-இல் விசாரணைக் கமிஷன் அறிக்கை வந்தது.

அந்தக் கோடையில் நானும் பரணில் ஏறுவதற்கு ஏணி வாங்கி வைத்திருந்தேன். மின்விசிறி மாட்டுவதற்கு வயர் இழுக்க வேண்டும், எலக்ட்ரீஷியன் கேட்ட கூலி அதிகம், நாமே செய்துவிடலாம் என்று எண்ணம். செய்தியைப் படித்த அன்று ஏணியைக் கொட்டகையில் சாத்திவிட்டு, எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தேன். கூலி கசந்தது. ஆனால் அந்த லைசென்ஸ் விதியை அதற்குப் பிறகு நான் கேலி செய்ததில்லை.

வடக்குப் பார்த்த பேனல்

தெற்கு ஆஸ்திரேலியாவில் 2008 ஜூலையில் ஒரு சட்டம் வந்தது. வீட்டுக் கூரையிலிருந்து மிச்சப்பட்டு வெளியே போகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 44 சென்ட் கொடுப்பார்கள். நாங்கள் வாங்குகிற விலையைப்போல அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஊரே கூரை ஏறியது. நாங்களும் 2010-இல் எட்டுப் பேனல்கள், ஒன்றரைக் கிலோவாட், போட்டோம்.

போடும் முன் ஊரிலிருந்த வகுப்புத் தோழனிடம் போனில் யோசனை கேட்டேன். "தெக்குப் பாத்து வைடா, மறந்துடாதே" என்றான். நல்லவேளை, அவன் பேச்சைக் கேட்கவில்லை. அடிலெய்டு பூமத்திய ரேகைக்குத் தெற்கே 35 டிகிரியில் இருக்கிறது. அங்கே உச்சி வெயில் வடக்கிலிருந்துதான் அடிக்கும். பேனல் வடக்கைத்தான் பார்க்க வேண்டும். துணி காயப்போடும் கொடியிலிருந்து கறிவேப்பிலைத் தொட்டி வரைக்கும் எல்லாவற்றுக்கும் அதே திசைதான்.

பேனல் மாட்ட வந்தவர் மீட்டர் பெட்டியைத் திறந்ததும் கையை எடுத்துவிட்டார். பியூஸ் கட்டைகள் பதித்திருந்த அந்தக் கறுப்புப் பலகையில் கல்நார் கலந்திருந்தது. துளை போட்டால் தூசி பறக்கும், நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாகத் திரும்பி வரும். ஆஸ்திரேலியாவில் கல்நாரை முழுமையாகத் தடை செய்தது 2003 டிசம்பர் 31-இல்தான். அதற்கு முந்தைய தலைமுறை வீடுகளில் அது இன்னும் எத்தனையோ இடத்தில் ஒளிந்திருக்கிறது. முறைப்படி அந்தப் பலகையை அகற்றி, புதுப் பெட்டி வைத்து, கசிவு வந்தால் தானே விழும் சுவிட்சுகள் போட்ட பிறகுதான் சோலார் இணைப்பு. பீங்கான் கட்டைகளில் ஒன்றை மட்டும் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். முறைத்தார்.

பிறகு வீட்டில் புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. பகலில் மிஷின் ஓட்டக் கூடாது. வெளியே போகும் யூனிட்டுக்குத்தானே 44 சென்ட்! துணி துவைப்பதும் மாவு அரைப்பதும் ராத்திரிக்கு மாறின. இட்லி மாவு அரைக்கும் சத்தம் பதினோரு மணிக்குக் கேட்டால் அது எங்கள் வீடு என்று தெருவே தெரிந்துகொண்டது.

அம்மா கேட்ட கேள்வி

2016 செப்டம்பரில் அம்மா எங்களோடு இருந்தார். 28-ஆம் தேதி, புதன்கிழமை. வடக்கே பெரும் புயல், சூறைக்காற்றில் உயரழுத்தக் கோபுரங்கள் இருபதுக்கு மேல் சாய்ந்தன. கம்பிகள் அறுந்த அதிர்ச்சியில் காற்றாலைகள் பல தாமாக விலகிக்கொண்டன. அந்தச் சுமையெல்லாம் விக்டோரியா மாநிலத்திலிருந்து வரும் இணைப்பின் தலையில் விழ, அதுவும் அறுத்துக்கொண்டது. மாலை நாலு மணிக்குச் சற்று முன், சில நொடிகளில் மாநிலம் முழுவதும் இருண்டது. சுமார் எட்டரை லட்சம் இணைப்புகள்.

சிக்னல் இல்லாத சாலைகளில் ஊர்ந்து நான் வீடு வந்து சேர்ந்தபோது, அம்மா ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து உட்கார்ந்திருந்தார். அவருடைய இன்சுலின் குளிர்ப்பெட்டியில் இருந்தது. அதைத் திறக்காமல் மூடியே வைக்கச் சொன்னேன்.

"ஏண்டா, மேல எட்டுப் பலகை வச்சிருக்கியே. மத்தியானம் கொஞ்சம் வெளிச்சம் இருந்துச்சே. ஒரு பல்பு எரியக் கூடாதா?"

என் மனைவியும் பார்த்தாள், பிள்ளைகளும் பார்த்தார்கள். நியாயமான கேள்வி. நான் எஞ்சினியர் பாஷையில் ஆரம்பித்தேன்: தெருக்கம்பியில் கரண்ட் இருக்கிறதா என்று இன்வெர்ட்டர் எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கும்; இல்லையென்றால் இரண்டு நொடிக்குள் தன்னை நிறுத்திக்கொள்ளும்; அப்படித்தான் விதி. அம்மா கையை அசைத்தார். "அதான் ஏன்னு கேக்கறேன்."

"நம்ம வீட்டுல உற்பத்தியாகிற கரண்ட் கம்பி வழியா வெளிய போச்சுன்னா, கம்பத்துல ஏறி வேலை பாக்கிற ஆளை அடிச்சுடும்மா."

அம்மா பேசவில்லை.

1979-இல் நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். வைகாசி மாதக் காற்றில் கம்பி அறுந்து ஊரில் கரண்ட் இல்லை. அப்பா டிரான்ஸ்பார்மரில் பியூஸைப் பிடுங்கிவிட்டு, கம்பத்தில் ஏறினார். அந்த லைனில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்த நாள். வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டரை, சேஞ்ச்ஓவர் சுவிட்ச் எதுவும் இல்லாமல், மண்டபத்து வயரிங்கிலேயே நேராகக் கொடுத்திருந்தார்கள். மண்டபத்தில் விளக்கு எரிந்தது. அதே கரண்ட் சர்வீஸ் வயர் வழியாகத் தெருக்கம்பிக்கும் வந்தது. அப்பா கீழே விழுந்தார். உயிர் பிழைத்தார், ஆனால் வலது கையில் இரண்டு விரல் அதற்குப் பிறகு மடங்கவில்லை. கம்பம் ஏறும் வேலை போய், புகார் நோட்டு எழுதும் வேலைக்கு மாற்றினார்கள். எனக்குப் பியூஸ் கட்ட அவர் சொல்லிக்கொடுத்தது மூன்று விரலால்தான். கம்பியைத் தொடும் முன் இரண்டு முறை டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்வார். "நீ நிறுத்திட்டே சரி, அடுத்தவன் நிறுத்தினானா?" என்பார்.

நாங்கள் எலக்ட்ரிக்கல் மூன்றாம் ஆண்டில் பவர் சிஸ்டம்ஸ் படித்தோம். இந்த ஒரு கேள்வி அந்தப் பாடப் புத்தகத்தில் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா சொன்னார்: "அப்படின்னா அணைஞ்சே இருக்கட்டும்." அடிலெய்டின் பெரும்பகுதிக்கு அன்று ராத்திரியே கரண்ட் திரும்பியது. இன்சுலின் கெடவில்லை.

மறுபடி பகலுக்கு

அந்த இருட்டுக்குப் பிறகு மாநிலம் விழித்துக்கொண்டது. 2017 டிசம்பரில் ஹார்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 100 மெகாவாட் பேட்டரி இயங்கத் தொடங்கியது; அன்றைக்கு உலகத்திலேயே பெரிய லித்தியம் பேட்டரி அதுதான். 2020 அக்டோபர் 11 அன்று, மத்தியான வெயிலில் ஒரு மணி நேர அளவுக்கு, மாநிலத்தின் முழுத் தேவையையும் சூரியனே நிறைவேற்றியது. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு எங்களைப் போன்றவர்களின் வீட்டுக் கூரையிலிருந்து வந்தது. நாடு முழுவதும் 2024-இல் சோலார் வைத்த கூரைகள் 40 லட்சத்தைத் தாண்டின. மூன்று வீட்டுக்கு ஒரு வீடு.

எல்லோரும் ஒரே நேரத்தில் சந்தைக்குக் கத்திரிக்காய் கொண்டுவந்தால் என்ன ஆகும்? விலை விழும். புதிதாகப் போடுகிறவர்களுக்கு வெளியே போகும் யூனிட்டுக்குச் சில சென்டுகள்தான் கிடைக்கின்றன. பழைய 44 சென்ட் ஒப்பந்தம் 2028 ஜூன் வரைக்கும்தான். ஆகவே புதுச் சோலார்க்காரர்கள் வீட்டில் துணி துவைப்பதும் மாவு அரைப்பதும் நல்ல மத்தியானத்தில். நாங்களும் 2025-இல் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டோம். அந்த ஆண்டு ஜூலையில் மத்திய அரசு வீட்டுப் பேட்டரிக்குச் சலுகை கொடுக்கத் தொடங்கியது; விலையில் சுமார் 30 சதவீதம் குறைந்தது. பழைய பேனல்களை இறக்கிப் புதிது ஏற்றி, பேட்டரியும் வைத்தோம். இப்போது தெருவில் கரண்ட் போனால் ஒரு சுவிட்ச் முதலில் வீட்டைத் தெருக்கம்பியிலிருந்து முழுவதுமாகப் பிரித்துவிடும். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் விளக்கு எரியும்.

ஊருக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னேன். விலையைக் கேட்கவில்லை. "கம்பிக்குப் போகாதில்ல?" என்று மட்டும் கேட்டார். "போகாதும்மா" என்றேன்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை

நம் ஊர்க் கதையும் உங்களுக்குத் தெரியும். 2008 முதல் 2012 வரை மணிக்கணக்காகக் கரண்ட் போன காலத்தில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டரும் கடைக்குக் கடை ஜெனரேட்டரும் வந்தன. 2016-இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு வீட்டுக் கூரைச் சோலாருக்கு மானியத் திட்டம் தொடங்கியபின் மொட்டை மாடிகளும் நிரம்பி வருகின்றன. நமக்கு ஓட்டின்மேல் சறுக்கும் பயம் இல்லை, தெற்குப் பார்த்து வைத்தால் போதும். ஆனால் கம்பத்தில் ஏறுகிறவர் எந்த ஊரிலும் ஒருவர்தான்.

அதனால் ஒரு வேண்டுகோள். இந்தச் சந்திப்புக்கு நான் வரும்போது, எலக்ட்ரிக்கல் படிக்கும் நாலு பேர் என்னோடு வாருங்கள். விடுதியின் ஜெனரேட்டர் அறையைப் பார்க்கலாம். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இருக்கிறதா, ஒழுங்காகப் பிரிக்கிறதா, லைன்மேன் கண்ணில் படும்படி எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா என்று சோதித்துவிட்டு வருவோம். குறை ஏதும் இருந்தால் சரிசெய்யும் செலவை எங்கள் 1982-86 அணி ஏற்றுக்கொள்ளும். நண்பர்களைக் கேட்காமலே எழுதிவிட்டேன், மறுக்க மாட்டார்கள்.

வேலையைச் செய்யப்போவது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான். நான் பக்கத்தில் நின்று டீ வாங்கித் தருவேன்.

வாழ்க நம் கல்லூரி!